ஆகாய விமான உத்தியோகமும் நமது பிள்ளைகளும்

சென்ற மாதத்தில் ஒரு நாள் ஒரு கிராமத்துத் தோழர் தமது மகளையும் அழைத்துக்கொண்டு நமது காரியாலயத்துக்கு வந்திருந்தார். அவர் சாதாரணக் குடியானவர். பெண் பன்னிரண்டாவது வகுப்பில் வணிகப் பாடம் எடுத்து நல்ல மார்க்கு வாங்கித் தேறியிருக்கிறாள். அவளுக்கு ஆகாய விமானம் ஓட்ட வேண்டும் என்பது ஆசை. பக்கத்துப் பட்டணத்தில் "விமானக் கல்லூரி" என்று போர்டு போட்டுக்கொண்டிருக்கும் ஒரு ஸ்தாபனத்தின் ஆள் ஒருவன் வீடு தேடி வந்து, மூன்று வருஷம் படித்தால் பெண் விமானி ஆகிவிடுவாள் என்றும், அதற்கு எட்டு லட்ச ரூபாய் ஆகும் என்றும், இந்த வாரத்திற்குள் முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். தோழரும் ஒன்றரை ஏக்கர் நஞ்சையை விலைபேசி அச்சாரமும் வாங்கிவிட்டு, கடைசி நிமிஷத்தில் ஏதோ சந்தேகம் தட்டி நம்மிடம் வந்தார். இதற்கு நடுவில் ஊர் ஜோசியன் ஒருவன் பெண்ணின் ஜாதகத்தைப் பார்த்து, ஆகாயத்தில் கண்டம் இருக்கிறது என்று சொல்லி, அதற்குப் பரிகாரமும் சொல்லி ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டான்.

அந்த ஸ்தாபனத்தாரின் நோட்டீசை வாங்கிப் பார்த்தோம். முகப்பில் விமானமும், தொப்பி போட்ட விமானியும் பெரிய படமாக இருந்தன. உள்ளே பொடி எழுத்தில் படித்தால், கொடுக்கப்போவது விமான நிலைய நிர்வாகம் என்ற பெயரில் ஒரு பட்டம். மூன்று வருஷத்தில் ஒரு மணி நேரமாவது விமானத்தில் ஏற்றிப் பறக்கப் பழக்குவதாக ஒரு வார்த்தை கூட இல்லை. விமான நிலையத்தில் டிக்கட்டு பார்க்கிற வேலைக்கும், சாமான் எடை போடுகிற வேலைக்கும் போவதற்கு எட்டு லட்சம் ரூபாயும் ஒன்றரை ஏக்கர் நஞ்சையும் எதற்கு? ஜோசியனாவது ஐந்நூறோடு விட்டான்.

இந்தத் தோழர் ஒருவர் மாத்திரமல்ல. இவரைப்போல் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்பதனால்தான் இதைத் தலையங்கமாக எழுதுகிறோம். டாக்டர் வேலைக்கு என்ன படிக்க வேண்டும், வக்கீல் வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்பது நமது கிராமங்களில் இப்பொழுது ஒருவாறு தெரிந்துவிட்டது. விமானத் துறை என்றால் மாத்திரம் அது ஏதோ தேவலோகத்து விஷயம் என்பதுபோல் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். தெரியாத இடத்தில்தான் தரகன் நுழைகிறான்.

நமது தேசத்திலே விமானத்தைப் பற்றி அதிகமாகப் பேசுகிறவர்கள் புஷ்பக விமானத்தைப் பற்றிப் பேசுகிறார்களே ஒழிய, ஓடுகிற விமானத்தைப் பற்றிப் பேசுவதில்லை. 2015-ம் வருஷம் ஜனவரியில் பம்பாயில் கூடிய இந்திய விஞ்ஞானக் காங்கிரசிலேயே, வேத காலத்து ரிஷிகள் கிரகம் விட்டுக் கிரகம் பறந்தார்கள் என்று ஒருவர் கட்டுரை படித்தார். அவர் யார் என்றால், விமானம் ஓட்டப் பழக்கும் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவராம்! அவர்கள் ஆதாரமாகக் காட்டும் வைமானிக சாஸ்திரம் என்னும் புஸ்தகத்தை, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 1974-லேயே வரி வரியாகச் சோதித்துப் பார்த்து, அது 1904-க்கு முந்தியதல்லவென்றும், அதில் வரைந்துள்ள விமானங்கள் எதுவும் பறக்கவே முடியாதென்றும் எழுதிவிட்டார்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று விதி எழுதி வைத்த முன்னோர்கள், வேறு கிரகத்துக்குப் போய்வந்து என்ன பிராயச்சித்தம் செய்துகொண்டார்களோ தெரியவில்லை.

நிற்க, மெய்யான விமானம் நமது தேசத்துக்கு வந்த கதை வேறு. 1929-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 10-ந் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா அவர்கள் இந்தியாவின் முதல் நெம்பர் விமானி லைசென்சைப் பெற்றார். 1932 அக்டோபர் 15-ந் தேதி அவரே கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டைகளை ஒரு சிறு விமானத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னை வரைக்கும் அந்தத் தபாலைக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட் என்பவர். 1936-ல் சரளா துக்ரால் என்னும் பெண்மணி புடவையைக் கட்டிக்கொண்டே விமானம் ஓட்டி லைசென்சு வாங்கினார். ஆகவே இது நமக்குப் புதிதாக வந்த தொழிலல்ல. சுமார் நூறு வருஷமாக இருந்துவருகிற தொழில்தான். ஆனால் அந்த நூறு வருஷமும் அது பணக்காரர் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது என்பதுதான் சங்கதி.

இப்பொழுது ஒருவர் விமானி ஆவதற்கு என்னதான் வேண்டும் என்பதைப் பார்ப்போம். கல்லூரிப் பட்டம் வேண்டியதே இல்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வேண்டியது லைசென்சு. அதைக் கொடுப்பது டில்லியில் உள்ள சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநர் ஜெனரல் ஆபீசு, அதாவது டிஜிசிஏ என்று சொல்லப்படுவது. பழகுவதற்கான லைசென்சைப் பதினாறு வயதிலும், சம்பளத்துக்கு ஓட்டுவதற்கான வியாபார விமானி லைசென்சைப் பதினெட்டு வயதிலும் பெறலாம். அதற்கு இருநூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் நூறு மணி நேரம் பக்கத்தில் வாத்தியார் துணையில்லாமல் தானே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போயிருக்க வேண்டும். இரவில் இறக்கி ஏற்றியிருக்க வேண்டும். வெளியே ஒன்றும் தெரியாத நிலையில் கருவிகளை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டியிருக்க வேண்டும். இவை போக வழி கண்டுபிடித்தல், வானிலை, விமானச் சட்டம், இயந்திரம் ஆகிய பாடங்களில் பரீட்சை உண்டு. நூற்றுக்கு எழுபது வாங்கினால்தான் தேறலாம். முப்பத்தைந்து வாங்கித் தப்புகிற சங்கதி இங்கே கிடையாது. கம்பியில்லாத் தந்தியில் பேசுவதற்கும் தனியாக ஒரு பரீட்சை உண்டு.

பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டரிடம் தேகத்தைச் சோதித்துக்கொள்வதே அது. முதலில் இரண்டாம் வகுப்புச் சோதனை, பிறகு முதல் வகுப்புச் சோதனை என்று இரண்டு உண்டு. கண்ணாடி போட்டவர்கள் ஆகாது என்று ஒரு வதந்தி நம் ஊர்களில் இருக்கிறது. அது தவறு. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். ஆனால் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத நிறக்குருடு இருந்தால் பெரும்பாலும் வழி அடைபட்டுப்போகும். லட்சக்கணக்கில் பணம் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடித்து அழுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜாதகம் பார்க்கிற செலவில் ஒரு பகுதியை இந்த டாக்டரிடம் கொடுத்திருந்தால் அவர்கள் தப்பித்திருப்பார்கள்.

இனிப் பௌதிகமும் கணக்கும் படித்திருக்க வேண்டும் என்ற விதியைப் பற்றி ஒரு வார்த்தை. 1990-களின் நடுவிலிருந்து பன்னிரண்டாவது வகுப்பில் இவ்விரண்டு பாடங்களிலும் தேறியவர்களுக்கே வியாபார விமானி லைசென்சு என்று இருந்துவந்திருக்கிறது. அதற்கு முந்தி பத்தாவது தேறியவர்களே விமானிகளாக இருந்தார்கள். அவர்கள் ஓட்டிய விமானங்களும் ஆகாயத்தில்தான் பறந்தன. இந்தத் தடையை எடுத்துவிடலாம் என்று 2025-ல் டிஜிசிஏ வட்டாரத்திலேயே யோசனை எழுந்தது. விதி எப்படிப் போனாலும் பிள்ளைகள் இந்தப் பாடங்களைப் படித்துக்கொள்வதுதான் நல்லது என்பது நமது அபிப்பிராயம். வேறு பாடம் எடுத்துவிட்டவர்களும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்து இந்த இரண்டை மட்டும் எழுதித் தேறலாம். நம்மிடம் வந்த பெண்ணுக்கு இந்தச் சங்கதியை அந்தத் தரகன் சொல்லவே இல்லை.

கணக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1983-ம் வருஷம் ஜூலை 23-ந் தேதி கானடா தேசத்தில் நடந்ததைச் சொல்லுவோம். ஒரு பெரிய போயிங் விமானத்துக்கு எண்ணெய் நிரப்பும்போது, கிலோ கணக்கில் போடவேண்டியதை ராத்தல் கணக்கில் போட்டுவிட்டார்கள். அதாவது வேண்டியதில் பாதிக்கும் குறைவான எண்ணெய்தான் உள்ளே இருந்தது. நடு ஆகாயத்தில் இரண்டு இயந்திரங்களும் நின்றுபோயின. விமானி இயந்திரமில்லாத சறுக்கு விமானம் ஓட்டிப் பழகியவராக இருந்ததனால், அதைச் சறுக்கிக்கொண்டே வந்து கிம்லி என்னும் ஊரில் கைவிடப்பட்ட ஒரு பழைய ஓடுபாதையில் இறக்கினார். உள்ளே இருந்த அறுபத்தொன்பது பேரும் பிழைத்தார்கள். அவர்களைக் கொல்லப் பார்த்தது ஒரு பெருக்கல் தப்பு. காப்பாற்றியது ஒரு மனிதனுடைய பழக்கம்.

ஆங்கிலம் தெரியாதே என்று பயப்படுகிற பிள்ளைகளும் உண்டு. சர்வதேச விதிப்படி ஆறு படிகளில் நாலாவது படி ஆங்கிலம் இருந்தால் போதும். ஷேக்ஸ்பியர் படித்திருக்க வேண்டியதில்லை. கட்டுப்பாட்டு அதிகாரி சொல்லுவதை விளங்கிக்கொள்ளவும், தனக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லவும் தெரிய வேண்டும். அது தெரியாததனால் என்ன ஆகும் என்பதற்கு, 1996 நவம்பர் 12-ந் தேதி டில்லிக்கு அருகில் சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு மேலே கஜக் விமானமும் சவுதி விமானமும் மோதி 349 பேரும் ஒருவர் மிச்சமில்லாமல் மாண்டதே சாட்சி. எந்த உயரத்தில் பறக்க வேண்டும் என்று சொல்லப்பட்டதை கஜக் விமானத்தார் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்பது விசாரணையில் வெளியாயிற்று. விமானிக்கு ஒரு உத்தரவு வந்தால் அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் கீழே உள்ளவர் உடனே திருத்துவார். அர்த்தம் தெரியாமல் ஒருவர் சொல்ல, அர்த்தம் தெரியாமலே இன்னொருவர் கேட்டுத் தலையை ஆட்டிக் காசு கொடுக்கிற மந்திரமாக அது இருந்தால், விமானம் ஊர் போய்ச் சேராது.

இனி இதில் மெய்யான தடை எது என்றால் அது பணம்தான். வியாபார விமானி லைசென்சு வாங்குவதற்கு இன்றைய நிலைமையில் அரைக் கோடி ரூபாய்க்கு மேல் ஆகிறது. லைசென்சு வந்தவுடன் வேலை வந்துவிடுவதுமில்லை. ஏர்பஸ் என்றும் போயிங் என்றும் உள்ள பெரிய விமானம் ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்ச்சி பெற வேண்டும். அதற்கு மேலும் பத்துப் பதினைந்து லட்சம், சில இடங்களில் அதற்கும் கூட. பாங்கிக்குப் போனாலோ, ஏழரை லட்சத்துக்கு மேல் படிப்புக் கடன் என்றால் ஈடு எங்கே என்று பொதுவாகக் கேட்கிறார்கள். ஈடு வைக்கச் சொத்து உள்ளவன் பிள்ளை பறக்கலாம், சொத்தில்லாதவன் பிள்ளை அண்ணாந்து பார்க்கலாம் என்பதுதானே இதன் அர்த்தம்? முன்பு வேதத்தைக் காதால் கேட்கக்கூடாது என்று தடுத்தார்கள். இன்று எந்த வகுப்பான் என்று கேட்காமலே, பீஸைச் சொல்லியே தடுத்துவிட முடிகிறது. உத்திரப் பிரதேசத்தில் சர்க்கார் உதவியுடன் நடக்கும் இந்திரா காந்தி விமானப் பயிற்சிக் கலாசாலையிலும் பரீட்சை எழுதி இடம் பிடித்தாலும் பெருந்தொகை கட்டியே தீர வேண்டும்.

கடன் வாங்கியாவது போகலாம் என்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். விமானக் கம்பெனி என்பது தண்டவாளத்தில் ஓடுகிற ரயில்வே மாதிரி நிலையானதல்ல. 2012-ல் கிங்பிஷர் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே மாதத்தில் கோ பர்ஸ்ட் திவால் மனுப் போட்டது. ஒவ்வொன்று நின்றபோதும் அனுபவமுள்ள விமானிகள் நூற்றுக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள் என்றால், அவர்களுக்குப் பின்னால் இருநூறு மணி நேர அனுபவத்தோடு நின்ற பிள்ளைகளின் கதி என்ன? அதே 2023-ல் மற்றொரு கம்பெனி ஐந்நூறு விமானங்களும், டாட்டாவிடம் திரும்பப்போன ஏர் இந்தியா நானூற்றெழுபது விமானங்களும் வாங்க ஆர்டர் கொடுத்தன என்பதும் மெய்தான். விமானம் வந்தால் ஓட்ட ஆள் வேண்டும். ஆனால் இன்றைக்கு வாங்கிய கடனுக்கு வட்டி இன்றைக்கே ஏறும், ஆர்டர் செய்த விமானம் மெள்ள மெள்ளத்தான் வரும்.

விமானி வேலை ஒன்றுதான் விமான வேலை என்று நினைப்பதும் பெரிய தவறு. விமானத்தைப் பழுது பார்த்து, இது பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிற பராமரிப்பு எஞ்சினீயர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் கையெழுத்து இல்லாமல் எவ்வளவு பெரிய விமானியும் வண்டியை நகர்த்த முடியாது. இதற்கும் டிஜிசிஏ லைசென்சுதான். பன்னிரண்டாவதில் பௌதிகம், ரசாயனம், கணக்கு படித்துவிட்டு, அங்கீகாரம் பெற்ற பள்ளியில் சுமார் இரண்டு வருஷம் படித்து, பிறகு மெய்யான விமானங்களில் கைவேலை செய்து, பாடம் பாடமாகப் பரீட்சை எழுத வேண்டும். இயந்திரத்துக்கு ஒரு பிரிவும், மின்சார, ரேடியோ சாதனங்களுக்கு ஒரு பிரிவும் உண்டு. செலவு விமானிப் படிப்பில் ஒரு சிறு பங்குதான். இங்கேயும் ஏமாற்று இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடத்தார் கொடுக்கும் சர்ட்டிபிகேட்டு வேறு, சர்க்கார் லைசென்சு வேறு. முன்னதை வாங்கி வைத்துக்கொண்டு பின்னது இல்லாமல் தவிக்கிறவர்கள் அநேகர். பொறியியல் கல்லூரியில் வாங்கும் விமானப் பொறியியல் பட்டமும் வேறு. அது விமானத்தை வடிவமைக்கிற படிப்பு. குரோம்பேட்டையில் 1949-ல் ஏற்பட்ட எம்.ஐ.டி.யில் அந்தப் படிப்பைப் படித்த அப்துல் கலாம் அவர்கள், விமானப் படையில் விமானியாகச் சேர டேராடூனுக்குப் போய், எட்டு இடத்துக்கு ஒன்பதாவது ஆளாக வந்து திரும்பினார். பிறகு அவர் ராக்கெட்டு விட்ட கதை எல்லோருக்கும் தெரியும்.

நமது பிள்ளைகள் அதிகமாகக் கவனிக்க வேண்டியது விமானக் கட்டுப்பாட்டு அதிகாரி வேலை என்பது நமது அபிப்பிராயம். கோபுரத்திலும் ரேடார் முன்னாலும் உட்கார்ந்து, எந்த விமானம் எந்த உயரத்தில் எப்போது போகலாம் என்று உத்தரவு கொடுக்கிற உத்தியோகம் இது. 1995-ல் ஏற்பட்ட இந்திய விமான நிலைய ஆணையம் இதற்கு ஆள் எடுக்கிறது. பௌதிகமும் கணக்கும் எடுத்த பி.எஸ்.சி.யோ, எஞ்சினீயரிங் பட்டமோ போதும். வயது இருபத்தேழு வரை. பிற்பட்டோருக்கு மூன்று வருஷமும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு ஐந்து வருஷமும் கூடுதல் உண்டு. பரீட்சையில் தேறினால் பிரயாகை, ஐதராபாத், கோண்டியா ஆகிய இடங்களில் அவர்களே பயிற்சி கொடுக்கிறார்கள். லட்சக்கணக்கில் கட்டுவது என்ற பேச்சே இல்லை. எல்லாவற்றிலும் முக்கியம், இது சர்க்கார் ஸ்தாபனமானபடியால் இதில் வகுப்புவாரி ஒதுக்கீடு உண்டு. நமது கலைக் கல்லூரிகளில் பௌதிகம் படித்துவிட்டு வாத்தியார் வேலைக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கும் எத்தனை பேருக்கு இப்படி ஒரு பரீட்சை இருப்பது தெரியும்?

இந்த ஒதுக்கீட்டு விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லிவைக்கிறோம். 1953-ல் தேசிய உடைமையான ஏர் இந்தியா 2022 ஜனவரி 27-ந் தேதி தனியார் கைக்குப் போயிற்று. சர்க்கார் கம்பெனியாக இருந்தவரையில் அங்கே ஒதுக்கீடு இருந்தது. கை மாறிய அன்றே அந்தக் கடமையும் கழன்றுவிட்டது. கம்பெனி லாபத்தில் நடக்கிறதா நஷ்டத்தில் நடக்கிறதா என்று பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. இதைப் பற்றி எழுதியவை எத்தனை? விமானத்துக்கு இறங்கும் பாதை, கோபுரம், ரேடார் ஆகிய எல்லாவற்றிலும் பொதுஜனப் பணம் இருக்கிறது. அப்படியிருக்க, ஏழைப் பிள்ளைகள் நூறு பேருக்காவது வருஷந்தோறும் சர்க்கார் தன் செலவில் விமானிப் பயிற்சி கொடுப்பது என்ன பெரிய காரியம்? டாக்டர் படிப்புக்குச் சர்க்கார் கல்லூரி வைத்திருப்பதுபோல், சம்பளம் குறைந்த சர்க்கார் விமானப் பள்ளி ஒன்று தமிழ்நாட்டில் ஏன் இருக்கக்கூடாது என்று நமது சட்டசபை அங்கத்தினர்கள் கேட்க வேண்டும்.

பெண்மக்கள் விஷயம் தனியாகச் சொல்லத்தக்கது. விமானத்தில் பணிப்பெண் வேலை என்றால் சிரித்துக்கொண்டு காப்பி கொடுக்கிற வேலை என்று எண்ணுகிறார்கள். விமானம் ஒன்று தீப்பிடித்தால் தொண்ணூறு விநாடிக்குள் பாதிக் கதவுகள் வழியாகவே அத்தனை பேரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டினால்தான் அந்த மாதிரி விமானத்துக்கு அனுமதியே கிடைக்கும். அந்தத் தொண்ணூறு விநாடி வேலையைச் செய்யத்தான் ஐம்பது ஆசனத்துக்கு ஒருவர் வீதம் அவர்களை வைத்திருக்கிறார்கள். உலகத்தின் முதல் விமானப் பணிப்பெண்ணான எல்லன் சர்ச் 1930-ல் விமானி வேலை கேட்டுப் போனவர்தான். பெண்ணுக்கு விமானி வேலை கிடையாது என்றதால் நர்சாகப் போய் ஏறினார். நமது தேசத்திலோ, ஆண் பணியாளருக்கு ஐம்பத்தெட்டு வயது வரை வேலை, பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதோடு சரி, முதல் கர்ப்பம் வந்தாலே வேலை போய்விடும் என்று விதி வைத்திருந்தார்கள். நர்கேஷ் மிர்சா என்னும் பெண்மணியும் தோழியரும் தொடுத்த வழக்கில் 1981-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தக் கர்ப்ப விதியை அடித்துத் தள்ளியது. ஆனால் முப்பத்தைந்து வயதையும், வேலையில் சேர்ந்து நாலு வருஷத்துக்குக் கல்யாணம் கூடாது என்பதையும் நியாயம் என்றே சொல்லிவிட்டது! பெண்ணுக்கு எந்த வயதில் கல்யாணம், எந்த வயதில் பிள்ளை, எந்த வயதில் கிழவி என்பதை நிச்சயிக்கிற அதிகாரம் மனுவோடு போய்விடவில்லை பாருங்கள்.

அப்படி இருந்தும் அவர்கள் நின்றுவிடவில்லை. 1985-ல் சௌதாமினி தேஷ்முக், நிவேதிதா பாசின் என்ற இருவரும் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்கு விமானத்தை ஓட்டிச் சென்றார்கள். அந்த விமானத்தில் வேலை செய்த எல்லோரும் பெண்கள். இன்று இந்தியாவின் விமானிகளில் நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேர் பெண்கள். உலகத்தின் சராசரி ஐந்துதான். பெண்ணுக்குத் தைரியம் இல்லை என்கிறவர்கள் இந்தக் கணக்குக்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

இந்தத் தொழிலின் பயிற்சியில் நம்மை மிகவும் கவர்ந்த பகுதி ஒன்றை இனிச் சொல்லுகிறோம். சிறியவன் பெரியவனை எதிர்த்துப் பேசுவது எப்படி என்று கற்றுக்கொடுக்கிற பாடம் இதில் இருக்கிறது. 1977 மார்ச் 27-ந் தேதி ஸ்பெயின் தேசத்துத் தெனரீப் தீவில் இரண்டு பெரிய போயிங் விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் மாண்டார்கள். மோதிய டச்சு விமானத்தின் தலைவர் அந்தக் கம்பெனியிலேயே மற்ற விமானிகளுக்குக் குருவாக இருந்தவர். கம்பெனி விளம்பரத்தில் அவர் படத்தைத்தான் போடுவார்கள். பாதையில் எதிர் விமானம் இன்னும் நிற்கிறதோ என்று கூட இருந்த எஞ்சினீயர் சந்தேகம் கேட்டார். தலைவர் இல்லை என்றார். பெரியவர் சொன்ன பிறகு யாரும் மேலே பேசவில்லை. இதைப் போன்ற விபத்துகளை ஆராய்ந்து 1979-ல் அமெரிக்காவின் நாசா ஒரு கூட்டம் கூட்டியது. 1981-ல் யுனைட்டெட் கம்பெனி இதற்கென்று தனிப் பயிற்சி ஆரம்பித்தது. இன்று எல்லாத் தேசத்திலும், நம் தேசத்திலும், விமானிகள் இதைப் படித்தே தீர வேண்டும். துணை விமானி சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும், அதற்கும் கேட்காவிட்டால் விமானத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படித்தது எல்லாம் மனதில் இறங்கிவிட்டதா என்றால், இல்லை. 2010 மே 22-ந் தேதி துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் மலை உச்சிப் பாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் மாண்டார்கள். எட்டே பேர் பிழைத்தார்கள். தலைமை விமானி வழியில் வெகுநேரம் தூங்கியிருந்தார் என்றும், இறங்க வந்த உயரம் தப்பு, மேலே தூக்கிவிடும்படி துணை விமானி மூன்று தடவை சொன்னார் என்றும், தலைவர் கேட்கவில்லை என்றும் விசாரணைக் கோர்ட்டார் கண்டுபிடித்தார்கள். துணை விமானி விஷயம் தெரியாதவரல்ல. தெரிந்தது, வாயாலும் சொன்னார், கையால் தடுக்கவில்லை. பிறந்தது முதல் அப்பனுக்கு எதிரே பேசாதே, வாத்தியாருக்கு எதிரே பேசாதே, சாஸ்திரத்துக்கு எதிரே பேசாதே என்று வளர்க்கப்பட்ட ஒரு தேசத்தில், அந்தக் கை எழும்பாமல் போனதில் என்ன ஆச்சரியம்?

தப்பு நடந்தால் அதற்குக் காரணம் தேடுவதே இத்தொழிலின் வழக்கம். 1935-ல் அமெரிக்காவில் ஒரு புது விமானம் பூட்டைக் கழற்ற மறந்ததனால் விழுந்து, கைதேர்ந்த விமானி மாண்டார். அது முதற்கொண்டு, செய்ய வேண்டியதை எல்லாம் எழுதி வைத்து, ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்த பிறகே கிளம்புவது என்ற பழக்கம் ஏற்பட்டது. இதற்கு எதிர்ப்புறத்தையும் பாருங்கள். 2007-ல் நேபாளத்து விமானம் ஒன்று பழுதானபோது காட்மண்டு நிலையத்தில் அதன் முன்னால் இரண்டு ஆடுகளை வெட்டினார்கள். 2016 டிசம்பரில் பாகிஸ்தானத்தில் ஒரு விமானம் விழுந்து 47 பேர் மாண்ட பிறகு, இஸ்லாமாபாத் நிலையத்தில் கருப்பு ஆடு ஒன்றை வெட்டினார்கள். 2019-ல் நமது தேசத்து மந்திரி பிரான்சுக்கே போய்ப் போர் விமானத்தின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். மதம் எதுவானாலும் மடமை ஒன்றுதான் போலிருக்கிறது. சென்னையிலிருந்து தினந்தோறும் ராகு காலத்தில் எத்தனையோ விமானங்கள் கிளம்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பஞ்சாங்கக்காரர்களும் ஏறிப் போகிறார்கள்.

விமானிகளின் சம்பளத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் அவர்களுடைய வேலை நேரத்தையும் பார்க்க வேண்டும். விடியற்காலம் இரண்டு மணிக்கு எழுந்து ஓட்ட வேண்டும். வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் தொடர்ந்து ஓய்வு என்ற விதி 2025-ல்தான் வந்தது. அதற்கு வேண்டிய ஆட்களைச் சேர்த்து வைக்காத ஒரு பெரிய கம்பெனி, அந்த வருஷம் டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்களை நிறுத்திப் பிரயாணிகளைத் தவிக்க விட்டது. உடனே பலரும் விதியைத்தான் வைதார்கள். தூங்காத டிரைவர் ஓட்டும் பஸ்ஸில் அவர்கள் ஏறுவார்களா?

நம்மிடம் வந்த பெண்ணுக்கு இவ்வளவையும் சொன்னோம். அவள் பயப்படவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள்: கோபுரத்தில் உட்காருகிற வேலையிலிருந்து பிறகு விமானியாகப் போகலாமா என்று. லைசென்சுக்கு வேண்டியதைச் செய்து முடித்தால், அறுபத்தைந்து வயது வரை கம்பெனி விமானம் ஓட்டலாம், ஆகவே அவசரமில்லை என்றோம். இப்பொழுது அவள் தகப்பனாரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. பெண் திறந்தநிலைப் பள்ளியில் பௌதிகத்துக்கும் கணக்குக்கும் பணம் கட்டிவிட்டாளாம். அது தேறியதும் பி.எஸ்.சி. சேருவது என்று முடிவாம். டாக்டர் சோதனையில் கண் சரியாக இருக்கிறதாம். நஞ்சைக்கு வாங்கிய அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ஜோசியனிடம் கொடுத்த ஐந்நூறு ரூபாயை மாத்திரம் கேட்டும் திரும்பி வரவில்லை என்று எழுதியிருக்கிறார்.